எதிரிக்குச் சிலை செய்த குடியரசுவாதி

பிரெஞ்சுப் புரட்சி எண்டதும் எங்களில கனபேருக்கு ஞாபகம் வாறது உயர்தர வரலாற்றுப் பாடம்தான். பஸ்டில் சிறை உடைப்பு, கில்லட்டின், ரொபெஸ்பியர், பிறகு நெப்போலியன். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து எண்டு பாடமாக்கி எழுதிப்போட்டு வந்திடுவம். அந்தப் புரட்சிக்குள்ளேயே ஒரு உள்நாட்டுப் போர் நடந்தது, ஒரே மாகாணத்துச் சனம் ரெண்டாகப் பிரிஞ்சு ஒருவரையொருவர் கொன்றது என்பதெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்தப் போரைப் பற்றி வாசித்துக்கொண்டு போகும்போது ஒரு சிற்பியின் பெயர் அகப்பட்டது. டாவிட் டான்ஜே. 'ஆன்ஜே ஊர் டாவிட்' என்று அர்த்தம். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

முதலிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். புரட்சிக் காலத்து ஓவியங்களில் 'டாவிட்' என்றால் எல்லாருக்கும் தெரிந்தவர் ஜாக் லூயி டாவிட். குளியல் தொட்டிக்குள் கொலையுண்டு கிடக்கும் மராவை வரைந்தவர். அவர் வேறு, இவர் வேறு. எங்கட ஆளின் முழுப்பெயர் பியேர் ஜான் டாவிட். மற்றவரோடு குழப்பக்கூடாது என்பதற்காகத்தான் தன் ஊரின் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

1793, ஒரு தேவாலயம், 5,000 கைதிகள்

டாவிட் 1788 மார்ச் 12ஆம் திகதி ஆன்ஜே நகரில் பிறந்தார். அப்பா பியேர் லூயி டாவிட் மரச் சிற்ப வேலை செய்தவர். வருமானம் பெரிதாக இல்லை. பையனுக்கு ஒரு வயது ஆனபோது புரட்சி வந்தது. அப்பா முழு மனசோட குடியரசின் பக்கம் நின்றார்.

1793 ஜனவரியில் மன்னர் பதினாறாம் லூயியின் தலை வெட்டப்பட்டது. அடுத்த மாதமே 300,000 பேரைப் படைக்குத் திரட்டுவது என்று பாரிஸில் தீர்மானம் போட்டார்கள். லுவார் ஆற்றுக்குத் தெற்கே இருந்த வொந்தே பகுதியின் கிராமத்துச் சனம் ஏற்கனவே கொதித்துப்போய் இருந்தது. அரசுக்குச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த தங்கட பங்குக் குருமாரைத் துரத்திவிட்டார்கள் என்ற கோபம். இப்ப பிள்ளைகளையும் பிடிச்சுக்கொண்டு போகப்போறாங்கள். மார்ச் மாதம் கிளர்ச்சி வெடித்தது. விவசாயிகள் தங்கட பகுதிப் பிரபுக்களைப் போய்க் கூப்பிட்டு, எங்களுக்குத் தலைமை தாங்குங்கோ என்று கேட்டார்கள். அப்படித்தான் 'கத்தோலிக்க, அரச படை' உருவானது. ஆன்ஜே போன்ற நகரங்கள் குடியரசின் பக்கம். சுற்றிவர இருந்த பல கிராமங்கள் மன்னரின் பக்கம். டாவிட்டின் அப்பா குடியரசுப் படையில் தொண்டராகச் சேர்ந்து வொந்தே மக்களுக்கு எதிராகப் போரிடப் போனார்.

அக்டோபர் 17ஆம் திகதி ஷொலே என்ற இடத்தில் நடந்த சமரில் அரச படை தோற்றது. அதன் தளபதிகளில் ஒருவரான பொன்ஷான் வயிற்றில் குண்டு பாய்ந்து சாகக் கிடந்தார். வயது 33. தோற்ற படையும் அதன் பின்னால் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று பல பத்தாயிரம் சனமும் லுவார் ஆற்றைக் கடந்து தப்புவதற்காகச் சன் புளொரோன் என்ற சிற்றூரில் வந்து குவிந்தார்கள். அந்த ஊரின் மடாலயத் தேவாலயத்துக்குள் ஏறத்தாழ 5,000 குடியரசுக் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஆற்றைக் கடக்கும்போது இத்தனை பேரையும் கொண்டுபோகவும் ஏலாது. விட்டுவிட்டால் நாளைக்குத் திரும்பவும் துவக்கோடு வருவாங்கள். தளபதியைச் சுட்டவங்களைக் கொல்லவேணும் என்று படையினர் கத்தினார்கள். அந்த நேரத்தில் செத்துக்கொண்டிருந்த பொன்ஷான் கட்டளை கொடுத்தார்: கைதிகளுக்கு மன்னிப்பு. படை அதைக் கேட்டது. 5,000 பேரும் உயிர் தப்பினார்கள். பொன்ஷான் அடுத்த கரைக்குக் கொண்டுபோகப்பட்டு அக்டோபர் 18ஆம் திகதி இறந்தார்.

அந்த 5,000 பேரில் டாவிட்டின் அப்பாவும் ஒருவர். அப்போது டாவிட்டுக்கு ஐந்து வயது.

இதில் எனக்கு அதிகம் யோசனையைத் தந்த பகுதி இனித்தான் வருகுது. இந்தச் செய்தி கிடைத்ததும் குடியரசின் பிரதிநிதி மெர்லான் து தியோன்வில் பாரிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். சுதந்திர மனிதர்கள் தங்கள் உயிருக்காகக் கிளர்ச்சியாளர்களிடம் கடன்பட்டார்கள் என்பது நல்ல கதை இல்லை, இதை மறதிக்குள் புதைத்துவிடுவது நல்லது என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். மறைத்தது மட்டுமில்லை. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் நான்ந் நகரில் கைதிகளைப் படகுகளில் ஏற்றி லுவார் ஆற்றில் மூழ்கடித்தார்கள். 1794இல் ஜெனரல் துறோவின் 'நரகப் படையணிகள்' வொந்தேக்குள் புகுந்து ஊர் ஊராக எரித்தன. பெண்களும் குழந்தைகளும் கூடக் கொல்லப்பட்டார்கள். மன்னிப்புக்குக் கிடைத்த பதில் இதுதான். அந்தக் காலத்தில் அட்டூழியம் ஒரு பக்கத்தில் மட்டும் நடக்கவில்லை. கிளர்ச்சி தொடங்கிய நாட்களில் மஷ்கூல் என்ற ஊரில் அரச தரப்பினரும் குடியரசுவாதிகளைக் கொன்று குவித்திருந்தார்கள்.

கடனைத் தீர்த்த விதம்

அப்பா உயிரோடு வீட்டுக்கு வந்தார். ஆனால் வறுமை போகவில்லை. கலைத்தொழிலில் தான் பட்ட கஷ்டம் மகனுக்கு வரக்கூடாது என்று நினைத்தார். மகன் கேட்கவில்லை. 1808இல் கையில் சொற்பக் காசோடு பாரிஸுக்குப் போனார். லூவர் மாளிகையின் அலங்கார வேலைகளில் கூலிக்குக் கல் செதுக்கிக்கொண்டே றோலான் என்ற சிற்பியிடம் படித்தார். ஆன்ஜே நகரசபை அவருக்கு ஒரு சிறு உதவித்தொகை கொடுத்தது. 1811இல் சிற்பத்துக்கான 'றோம் பரிசு' கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு பிரெஞ்சுக் கலைஞருக்கு அதைவிடப் பெரிய கதவு திறக்காது. அரச செலவில் சில ஆண்டுகள் இத்தாலியில் இருந்து படித்தார்.

அவர் திரும்பி வந்தபோது பிரான்ஸ் மாறியிருந்தது. நெப்போலியன் தோற்று, மன்னராட்சி திரும்பவும் வந்திருந்தது. இப்ப வொந்தே வீரர்கள் துரோகிகள் இல்லை, தியாகிகள். அவர்களுக்கு நினைவுச்சின்னங்கள் எழுப்பும் காலம். பொன்ஷானுக்குச் சன் புளொரோனில், அந்தக் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த அதே தேவாலயத்துக்குள், ஒரு கல்லறைச் சின்னம் எழுப்புவதென்று முடிவானது. அந்த வேலை டாவிட்டிடம் வந்தது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. அவர் குடியரசுவாதி. ஆட்சியில் இருப்பது அவர் வெறுத்த மன்னராட்சி. அந்த ஆட்சி தன் வெற்றியைக் கொண்டாடத்தான் இந்தச் சிலையைக் கேட்கிறது. மறுத்திருந்தால் தோழர்கள் பாராட்டியிருப்பார்கள். ஆனால் சிலையாகப் போகிறவர் இல்லையென்றால் அப்பா இல்லை. டாவிட் ஒத்துக்கொண்டார். அப்பாவின் நன்றிக்கடனைத் தன்னால் முடிந்த அளவுக்குத் தீர்க்கவே அந்தச் சின்னத்தைச் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

செய்த விதத்தில்தான் அவருடைய அரசியல் தெரிகிறது. குதிரையில் ஏறி வாளை உருவிய தளபதியை அவர் செதுக்கவில்லை. மன்னருக்காகப் போரிட்ட பொன்ஷானை விட்டுவிட்டு, கைதிகளை விடுவித்த பொன்ஷானை எடுத்தார். வெள்ளைப் பளிங்கில், காயப்பட்டுப் படுத்திருந்த மனிதன் பாதி எழும்புகிறான். மேலாடை இல்லை. பழைய கிரேக்கச் சிற்பங்களில் வாற வீரர்களின் உடல் மாதிரி. ஒரு கை உடம்பைத் தாங்குகிறது, மற்றக் கை மேலே உயர்ந்து, நிப்பாட்டுங்கோ எண்டு சொல்கிறது. அடியில் அவருடைய கடைசிக் கட்டளை: கைதிகளுக்கு மன்னிப்பு. 1825இல் சின்னம் திறந்துவைக்கப்பட்டது. மன்னராட்சி தனக்குரிய வீரனைக் கேட்டது. டாவிட் கொடுத்தது ஒரு மனிதனின் ஒரு கணத்தை. அந்தக் கணத்தை எந்தக் கட்சிக்காரரும் முழுசாகத் தனக்கு எண்டு எடுத்துக்கொள்ள ஏலாது.

அப்ப அவர் நடுநிலையா?

இந்த இடத்தில் கதையை நிப்பாட்டினால், 'எல்லாரையும் மன்னிப்போம், எல்லாத்தையும் மறப்போம்' எண்டு ஒரு நீதிக்கதை கிடைக்கும். ஆனால் டாவிட் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

1838இல் அவர் இன்னொரு சிலை செய்தார். பெயர் 'பாரா'. ஜோசப் பாரா 14 வயதுப் பையன். குடியரசுப் படையோடு இருந்தவன். 1793 டிசம்பரில் வொந்தே படையினர் அவனைக் கொன்றார்கள். 'மன்னர் வாழ்க' என்று சொல்லச் சொன்னார்கள், அவன் 'குடியரசு வாழ்க' என்று கத்திச் செத்தான் என்று ரொபெஸ்பியர் பாரிஸில் பேசினார். ஆனால் அவனுடைய கட்டளை அதிகாரி எழுதிய கடிதத்தில் இருப்பது வேறு: குதிரைகளைத் தா என்று கேட்டார்கள், கொடுக்க மறுத்ததால் கொன்றார்கள். ஒரு சிறுவனின் உண்மையான சாவுக்கு மேல் ஒரு பிரசாரக் கதை பூசப்பட்டது. டாவிட் செதுக்கியது குடியரசு நினைவில் வைத்திருந்த அந்தப் பாராவைத்தான்.

ஆக, அதே போர். ஒரு சிலை அவருடைய அப்பாவைக் காப்பாற்றிய எதிரிக்கு. மற்றச் சிலை எதிரி கொன்ற தன் பக்கத்துப் பிள்ளைக்கு. முதலாவதைச் செய்ததால் ரெண்டாவதைச் செய்யும் உரிமை தனக்கு இல்லாமல் போனதாக அவர் நினைக்கவில்லை. எதிரியிடம் நன்றி காட்டுவதற்குத் தன் கொள்கையை விலையாகக் கொடுக்கவும் இல்லை. இந்த ரெண்டையும் ஒரே ஆள் ஒரே கையால் செய்தார் என்பதுதான் எனக்கு அவரை முக்கியமானவர் ஆக்குகிறது.

பாந்தியனின் நெற்றி

1830 ஜூலைப் புரட்சியில் பழைய மன்னர் துரத்தப்பட்டு, லூயி பிலிப் மன்னரானார். பாரிஸின் பாந்தியன் கட்டடம் தேவாலயமாக இருந்ததை மாற்றி, நாட்டின் பெருமக்களை நினைவுகூரும் இடமாகத் திரும்பவும் அறிவித்தார்கள். அதன் முகப்பில் தூண்களுக்கு மேலே இருக்கும் பெரிய முக்கோணத்தில் சிற்பம் செய்யும் பொறுப்பு டாவிட்டுக்குக் கிடைத்தது.

நடுவில் தாய்நாடு ஒரு பெண்ணாக நிற்கிறாள். சுதந்திரம் அவள் கையில் மாலைகளைக் கொடுக்க, அவள் அவற்றைப் பகிர்ந்தளிக்கிறாள். வரலாறு பெயர்களை எழுதுகிறாள். ஒரு பக்கத்தில் சிவில் மனிதர்கள்: வோல்டேயர், ரூசோ, விஞ்ஞானி லாப்லாஸ், மருத்துவர் பிஷா, லபாயெட், ஓவியர் டாவிட். மற்றப் பக்கத்தில் படையினர். அந்தப் பக்கத்தில் பெயர் சொல்லி அடையாளம் காணக்கூடிய தளபதி இளம் பொனபார்ட் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் பெயரில்லாச் சாதாரணச் சிப்பாய்கள், ஒரு முரசு அடிக்கும் பையனும் சேர்த்து. மார்ஷல்களை வரிசையாக நிறுத்துவதற்கு எவ்வளவு இடம் இருந்தது! அவர் அந்த இடத்தைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்.

ஆட்சி கொஞ்ச காலத்தில் வலப்பக்கம் சாய்ந்தது. லபாயெட் போன்றவர்களை அந்தச் சிற்பத்தில் பார்க்க அமைச்சர்களுக்கு விருப்பமில்லை. மாற்று என்று நெருக்கினார்கள். வோல்டேயரும் ரூசோவும் இருப்பதால் பாரிஸ் பேராயருக்கும் கோபம். டாவிட் ஒரு தலையைக்கூட மாற்றவில்லை. 1837இல் எந்த விழாவும் இல்லாமல் சாரத்தை மட்டும் கழற்றினார்கள். சனம் அண்ணாந்து பார்த்தது.

இதே காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலை மெடாலியன்கள். உள்ளங்கை அளவு முதல் சாப்பாட்டுத் தட்டு அளவு வரையான வெண்கல வட்டங்களில் பக்கவாட்டு முகங்கள். 500க்கும் மேல் செய்தார். எழுத்தாளர், இசைஞர், விஞ்ஞானி, புரட்சிக்காரர், பழைமைவாதி என்று அந்த நூற்றாண்டின் முகங்கள் எல்லாம் அதில் இருக்கு. கவிஞர் கதேயின் உருவத்தைச் செய்வதற்காக 1829இல் வைமார் வரை போனார். 1840இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அச்சுக்கலை முன்னோடி குட்டன்பேர்க்கின் சிலையை எழுப்பினார். அதன் பீடத்தில் நான்கு கண்டங்களுக்கும் புத்தகம் போய்ச் சேர்வதைச் செதுக்கியிருக்கிறார். ஆபிரிக்காவுக்கான பலகையில் அடிமை விலங்குகள் கழல்கின்றன. பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது அதற்கு எட்டு ஆண்டுகள் பிறகு. ஆனால் அந்தப் பலகையிலும் விடுதலையைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் ஐரோப்பியர்கள்தான். அதையும் நாங்கள் கவனிக்கத்தான் வேணும்.

உளியை வைத்துவிட்டு

1848 பெப்ரவரியில் லூயி பிலிப்பும் கவிழ்ந்தார். இரண்டாவது குடியரசு பிறந்தது. 60 வயதை எட்டிக்கொண்டிருந்த டாவிட் பாரிஸின் 11ஆம் வட்டாரத்துக்கு மேயர் ஆக்கப்பட்டார். ஏப்ரல் மாதம் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமையோடு தேர்தல் நடந்தது. அதுவரை சுமார் இரண்டரை இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை ஒரே பாய்ச்சலில் 90 இலட்சத்தைத் தாண்டியது. பெண்களுக்கு மட்டும் இல்லை. டாவிட் தன் சொந்த மாவட்டமான மேன் எ லுவாரிலிருந்து அரசியலமைப்புச் சபைக்குத் தெரிவாகி இடதுசாரிகளோடு உட்கார்ந்தார். அப்பா ஒருகாலத்தில் கைதியாக இருந்த சன் புளொரோனும் அதே மாவட்டம்தான்.

சந்தோசம் கன நாளைக்கு நிலைக்கவில்லை. ஜூன் மாதம் வேலையில்லாத் தொழிலாளர்கள் பாரிஸில் தடுப்பரண் போட்டு எழுந்தபோது, குடியரசே தன் சனத்தின் மேல் பீரங்கி அடித்தது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். டிசம்பரில் அதே வாக்குரிமை நெப்போலியனின் மருமகன் லூயி நெப்போலியனை ஜனாதிபதி ஆக்கியது. 1849 தேர்தலோடு டாவிட்டின் சபை வாழ்க்கை முடிந்தது. 1851 டிசம்பர் 2ஆம் திகதி லூயி நெப்போலியன் சதிப்புரட்சி செய்து சபையைக் கலைத்தார். டாவிட் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அதே மாதம் பாந்தியனும் திரும்பத் தேவாலயம் ஆக்கப்பட்டது. அதன் நெற்றியில் வோல்டேயரும் ரூசோவும் அப்படியே நிற்க, உள்ளே பூசை நடந்தது. செதுக்கியவர் எல்லைக்கு வெளியே.

பெல்ஜியத்தில் கொஞ்ச காலம். பிறகு 1852இல் கிரேக்கத்துக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு பழைய சொந்தம் இருந்தது. கிரேக்க விடுதலைப் போரில் 1823இல் இறந்த மார்க்கோஸ் பொட்சாரிஸின் கல்லறைக்காக அவர் காசு வாங்காமல் ஒரு சிலை செய்து அனுப்பியிருந்தார். கல்லறைமேல் ஒரு சின்னப் பெண்பிள்ளை கவிழ்ந்து படுத்தபடி, வீரனின் பெயரின் எழுத்துகளை விரலால் தடவித் தடவி வாசிக்கிறாள். புதிய தலைமுறை தன் வரலாற்றை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி. டாவிட் தனக்கு மிகவும் பிடித்த வேலைகளில் ஒன்றாக நினைத்தது அதைத்தான். மிசொலொங்கிக்குப் போய்ப் பார்த்தபோது அந்தச் சிலை மோசமாகச் சிதைந்திருந்தது. விடுதலை பெற்ற நாட்டில், விடுதலைக்காகச் செய்த சிலை கவனிப்பாரற்றுக் கிடந்தது. நாடுகடத்தப்பட்டு, உடம்பும் தளர்ந்துபோன ஒரு மனிதன் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற காட்சியை நினைத்தால் ஒருமாதிரி இருக்கு.

1853இல் பிரான்ஸுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. 1856 ஜனவரியில் பாரிஸில் இறந்தார். அவர் கனவு கண்ட குடியரசு திரும்ப வருவதற்கு இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன.

குறையும் சொல்லத்தான் வேணும்

டாவிட்டை நான் கும்பிடச் சொல்லவில்லை. அவருக்கு 'பெரிய மனிதர்' மேல் ஒரு மயக்கம் இருந்தது. மண்டையோட்டின் வடிவத்தை வைத்து ஒருவரின் அறிவைச் சொல்லலாம் என்ற, அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்த போலி விஞ்ஞானத்தை அவர் நம்பினார். அதனால்தான் அவர் செய்த கதேயின் நெற்றி அவ்வளவு பெரிசு. பாந்தியன் முகப்பில் தாய்நாடு பெண், சுதந்திரம் பெண், வரலாறு பெண். ஆனால் மாலை வாங்க நிற்கிற உண்மையான மனிதர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்ணை உருவகமாக உயர்த்தி வைத்துவிட்டு ஆளாகக் கணக்கெடுக்காமல் விடுவது அவருடைய குடியரசின் குறை. அந்தக் குறை 1848 வாக்குரிமையிலும் இருந்தது என்று மேலே பார்த்தோம்.

இருந்தாலும் நான் திரும்பத் திரும்பப் போறது சன் புளொரோன் சிலையிடம்தான். நினைவுச்சின்னம் எண்ட சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு ஒரு பக்கம்தான் நினைவுக்கு வரும். வென்றவரின் பக்கம், இல்லாட்டி எங்கட பக்கம். மெர்லான் எழுதிய கடிதமும் அந்தப் பழக்கத்தில் வந்ததுதான். எதிரி செய்த நல்லதைச் சொன்னால் எங்கட நியாயம் குறைஞ்சுபோயிடும் என்ற பயம். டாவிட்டுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. நரகப் படையணிகள் செய்ததை ஒரு பொன்ஷான் சிலை ஈடுசெய்யாது. அது ஒரு தனி மனிதன் தன் வீட்டுக் கடனைத் தீர்த்தது, அவ்வளவுதான். ஆனால் 1793இல் அரசு மறதிக்குள் புதைக்க நினைத்த ஒரு சம்பவம், ஒரு குடியரசுவாதியின் கையாலேயே கல்லில் ஏறி நின்றது.

அந்தச் சிலை இன்றைக்கும் அதே தேவாலயத்துக்குள் இருக்கு. கைதிகள் 5,000 பேரில் ஒருவரும் அந்தப் பளிங்கு உருவத்தோடு செதுக்கப்படவில்லை. ஆனால் உயர்ந்து நிற்கும் அந்தக் கை அவர்களுக்காகத்தான் உயர்ந்தது. அவர்களில் ஒருவர், ஆன்ஜேயில் ஒரு ஐந்து வயதுப் பையன் காத்திருந்த வீட்டுக்குத் திரும்பிப் போன மரச் சிற்பி.